செங்கல் சுவர்ச் சோதனை

ஜூன் 3, செவ்வாய்

புதிய கேமராவில் நாற்பது வருடப் பழைய லென்ஸை எதற்காக மாட்ட வேண்டும்? கேட்டது மைனி, பக்கத்து வீட்டு ஆசீர் அண்ணனின் மனைவி. சும்மா பார்க்கத்தான் என்றேன்.

"சும்மா பாக்கதுக்கா நாலு பட்டம் வாங்கின?" என்றார் மைனி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

வகுப்பில் காட்ட ஒளியியல் படங்கள் எடுப்பதற்காக விடுமுறையில் ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினேன். செய்தி மதிலுக்கு அந்தப் பக்கம் போனதும் ஆசீர் அண்ணன் தன் பீரோவிலிருந்து மூன்று லென்ஸ்களை எடுத்து வந்துவிட்டார். குவைத்தில் இருந்தபோது வாங்கியவை. ஐம்பது, இருபத்தெட்டு, நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர். மூன்றிலும் அந்துருண்டை வாசனை. இருபத்தெட்டின் உள்ளே ஓரமாகப் பூஞ்சை, சிலந்தி வலை போல.

"இந்தக் கண்ணாடிய இப்ப எவனாலயும் செய்ய முடியாதுட்டி பெர்சி. இப்ப வாரது பூரா பிளாஸ்டிக்கு."

சோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை என்றேன்.

"சோதி. நல்லா சோதி. முடிவ மட்டும் மறைக்காம சொல்லு."

பழைய லென்ஸ்கள் திருகு வகை. புதிய கேமராவில் பொருத்த இடையில் ஒரு வளையம், அடாப்டர், வேண்டும். ஆர்டர் செய்திருக்கிறேன். தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். ஆள் நாளை வருகிறார்.

ஜூன் 5, வியாழன்

அடாப்டர் வந்தது. மாட்டினால் கேமரா படம் எடுக்க மறுக்கிறது. 'லென்ஸ் இல்லை' என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. பழைய லென்ஸுக்கு மின் இணைப்பு கிடையாது என்பதால் அது அங்கே இருப்பதே கேமராவுக்குத் தெரியவில்லை. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் வரியைத் தேடிப் பிடிக்க வெகு நேரமானது.

ஃபோகஸ் கையால்தான். வளையத்தைத் திருப்பத் திருப்ப, தெளிவு விழுந்த இடங்களின் ஓரத்தை, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் கேமரா சிவப்பாக மினுக்கிக் காட்டும்.

சோதனைக்கு என் மாடியிலிருந்து தெரியும் கல்யாண மண்டபத்தின் பக்கச் சுவர் வசதி. பூசாத செங்கல் சுவர். வரிவரியாக, கட்டம் கட்டமாக. லென்ஸ் கோட்டை வளைக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல பொருள் இல்லை.

ஐம்பதில் பார்த்தேன். நடுவில் கற்கள் உள்நோக்கி இழுபடுகின்றன. சரியாக மையத்தில் மங்கல். அந்த இடத்தையும் கேமரா சிவப்பாகத்தான் காட்டுகிறது. கேமரா சொல்வதற்கும் நான் காண்பதற்கும் பொருந்தவில்லை. அண்ணனின் ஐம்பதுக்கு அது பெற்றிருக்கும் பெயர் அதிகம் என்பது என் முதல் கணிப்பு. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

மூக்குக்கண்ணாடியோடு வ்யூஃபைண்டரில் பார்ப்பது சிரமம். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு. இவ்வளவு பவர் உள்ள கண்ணில் விழித்திரை மெலிந்திருக்கும், வருடா வருடம் வந்து காட்ட வேண்டும், அலட்சியம் செய்தால் பார்வையே போகலாம் என்று முன்பு ஒரு டாக்டர் எச்சரித்தார். ஒரு வருடம் போனேன். அறிகுறி இல்லாமல் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்வது எனக்குப் பழக்கமில்லை.

சாயங்காலம் மைனிக்குக் காபி ஆற்றியபோது டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன். "எங்க பாத்து ஊத்துத?" என்றார். மேசை ஆடுகிறது. கால்களில் ஒன்றுக்கு அட்டை வைக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காலை வெளிச்சம் சுவரில் சரியாக விழும் நேரமும் ஆராதனை நேரமும் ஒன்று. மைனி போகிற வழியில் கேட்டருகே நின்று என்னை அண்ணாந்து பார்த்து, "ஆண்டவருக்கும் சேத்து ஒரு போட்டோ எடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முக்காலியில் வைத்து மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இருபத்தெட்டு போன்ற அகலக் கோண லென்ஸ் கோடுகளை வெளிப்பக்கம் பிதுக்கலாம். நூற்று முப்பத்தைந்து சற்றே உள்ளே இழுக்கலாம். ஐம்பது அநேகமாக ஒன்றும் செய்யாது. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் புரிந்துகொள்ள முடியும். ஆனால் மூன்றிலும் அதே சுருக்கம், அதே இடத்தில். துணியின் நடுவைக் கிள்ளித் தூக்கினாற்போல.

வேறு வேறு கருவியில் ஒரே பிழை வந்தால், பிழை அவற்றுக்குப் பொதுவான ஒன்றில் இருக்கிறது. முதலாமாண்டு மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான். மூன்றுக்கும் பொது அடாப்டர். வளையம் சாய்ந்திருக்கலாம். வேறொன்று ஆர்டர் செய்தேன்.

ஒரு முரண்: எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் சுவர் நேராக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

வேறு அடாப்டர். அதே சுருக்கம்.

ஜூன் 13, வெள்ளி

படத்தில் இல்லாத பிழை பார்க்கும்போது மட்டும் இருக்கிறது என்றால், பிழை வ்யூஃபைண்டரில்தான். வண்ணார்பேட்டையில் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்குக் கேமராவை எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் உள்ளே கொண்டுபோய் வைத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வ்யூஃபைண்டர் நல்லாத்தான் இருக்கு மேடம். நானும் பாத்தேன், எங்க சாரும் பாத்தாரு."

"ஒரு கட்டம் போட்ட பொருளைப் பார்த்தீர்களா?"

"தரையில டைல்ஸ் இருக்குல்ல மேடம், அதத்தான் பாத்தோம். நேரா இருக்கு."

என் முன்னால் இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். நானும் வாங்கிப் பார்த்தேன். டைல்ஸின் கோடுகள் நடுவில் சுருங்கின. அவளுக்கு நேராகத் தெரிவதாகச் சொல்கிறாள். கவனித்துப் பார்க்கும் பயிற்சி எல்லோருக்கும் இருப்பதில்லை.

"மேடம் கண்ணாடி மாத்தி எவ்வளவு நாளாச்சு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றேன். புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் கேஸ் அடுப்புக்கு ரப்பர் குழாய் வாங்கினேன்.

ஜூன் 15, ஞாயிறு

மதியம் அண்ணனும் மைனியும் வந்தார்கள். சர்வீஸ் கடைக்குப் போனது அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது.

"என் லென்ஸு கோணலாக் காட்டுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதியாமே?"

"ஊரெல்லாம் இல்லண்ணே. மைனிகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"இவகிட்டச் சொன்னா மைக்குல சொன்ன மாதிரிலா."

"ஆமா, நான்தான் ஊருக்கு மைக்கு," என்றார் மைனி.

மூவரும் மாடிக்குப் போனோம். அண்ணன் கேமராவைத் தூக்கி, வளையத்தை நிதானமாகத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கட்டி வளைஞ்சிருக்கு? கொத்தன் நூல் புடிச்சுக் கட்டுனது அப்படியே தெரியுது."

"உங்களுக்குப் புரை ஆபரேஷன் ஆயிருக்குல்லாண்ணே."

"அதத்தான் நானும் சொல்லுதேன். எனக்கு ரெண்டு கண்ணுலயும் புது லென்ஸு. பழச வச்சுக்கிட்டு அலையுதது நீதான்."

மைனி சிரித்தார். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகப் படவில்லை.

"எந்தக் கண்ண வச்சுப் பாக்க?" என்றார் அண்ணன்.

"வலது."

"மத்தத காணிக்கைப் பையில போட்டுட்டியா? அதாலயும் ஒருக்கா பாரேன்."

எந்தக் கண்ணால் பார்ப்பது என்பது அவரவர் கைப்பழக்கம் போன்றது, லென்ஸின் பிழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கிப் போனார்.

பின்பு, தனியாக, இடது கண்ணால் பார்த்தேன். சுவர் நேராக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்தது. புதிய மாணவிகளுக்கு வரவேற்புக் கூட்டம். பேச்சாளர் நீளமாகப் பேசினார். ஆய்வகத்தில் இரண்டு மின்விசிறிகள் ஓடவில்லை, கடிதம் கொடுத்தேன்.

ஜூன் 18, புதன்

சாரல் காற்று பலமாக இருக்கிறது. முருங்கையின் பெரிய கிளை ஒடிந்து துணிக்கொடி மேல் விழுந்தது. கேமராவைப் பெட்டியில் வைத்துவிட்டேன். சோதனைக்கு இந்தக் காற்று ஏற்றதல்ல. முக்காலி ஆடும்.

ஜூன் 20, வெள்ளி

கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம். வலது பக்கக் கண்ணாடியில் கீறல் இருந்தாலும் இப்படி நேரும். துடைத்துப் பார்த்தேன். கழற்றிவிட்டு, காலண்டரை மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. ஆட்டுக்கறி, அவியல், ரசம். அண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்து எங்கள் சபை ஐயரின் பிரசங்கத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியைச் சரிசெய்கிற பாவனையில் இடது கண்ணை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

அவருடைய மீசையும் மூக்கும் ஒரு புள்ளிக்குள் சுருங்கிப் போயிருந்தன. காதுகள் இருந்தன. நெற்றி இருந்தது. பேசுவது கேட்டது. பேசுகிற வாய் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னட்டி சிரிக்க?"

"உங்க மூக்கக் காணோம்ணே."

இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மைனிதான் முதலில் பேசினார்.

"எந்தக் கண்ணு?"

"வலது."

"எத்தன நாளா?"

"லென்ஸ் சோதிக்க ஆரம்பிச்சதுல இருந்து. அதுக்கு முன்னால எப்படி இருந்துதுன்னு தெரியல. ரெண்டு கண்ணும் திறந்திருந்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

அண்ணன் அப்போதே சொன்னேனே என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ குழம்புச் சட்டியைத் துழாவி ஒரு நல்லி எலும்பை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"காலைலயே ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றார் மைனி.

"நாளைக்குக் காலேஜ் இருக்கு மைனி."

"காலேஜு எழுந்திரிச்சு ஓடியா போயிரும்?"

ஜூன் 23, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். விழித்திரை டாக்டர் ஃபர்ஹானா, என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். கட்டம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து, ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். மண்டபத்துச் சுவரைச் சுருக்கித் தாளில் அச்சடித்தது போலத்தான் இருந்தது. கோடுகள் எங்கே சுருங்குகின்றன என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தேன்.

என்ன செய்தேன் என்று முழுவதும் கேட்டார். சொன்னேன்.

"லென்ஸ மாத்தியிருக்கீங்க, அடாப்டர மாத்தியிருக்கீங்க, கேமராவையே சந்தேகப்பட்டிருக்கீங்க. கண்ண மட்டும் மாத்திப் பாக்கலையே மேடம்?"

"அது திருகு மாடல் இல்லல்லா டாக்டர்," என்றார் அண்ணன்.

டாக்டர் சிரித்தார். பிறகு ஸ்கேன் படத்தைக் காட்டியபோது சிரிக்கவில்லை. விழித்திரையின் குறுக்குவெட்டு, அடுக்கடுக்காக. நடுவில் அடுக்குகள் அறுந்து ஒரு பள்ளம்.

"இதான் மேடம் ஓட்டை. மையப் பார்வை இருக்கிற எடத்துலயே விழுந்திருக்கு. அதான் கோடெல்லாம் அங்க போய்ச் சுருங்குது. ஆபரேஷன் பண்ணி மூடலாம். தள்ளிப் போட்டா ஓட்டை பெருசாயிரும், அப்புறம் மூடினாலும் நடுப்பார்வை வராது."

"இப்போது மூடினால் வருமா?"

"மூடுறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. எவ்வளவு பார்வை திரும்பும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

நேர்மையான பதில். அடுத்ததையும் சொன்னார். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள். அந்தக் குமிழி மேலே மிதந்து ஓட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு என் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும்.

"எத்தன நாளுக்கு?" என்று மைனி கேட்டார்.

"ஒரு வாரம்."

இடது கண்ணில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார். இப்போதைக்கு என்ற சொல்லை நான் கவனித்துக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

இணையத்தில் ஆய்வுக் கட்டுரைகள் படித்தேன். சிறிய ஓட்டைகளில், கவிழ்ந்து கிடந்தவர்களுக்கும் கிடக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சில சொல்கின்றன. டாக்டருக்கு ஃபோன் செய்தேன்.

"அதையெல்லாம் நானும் படிச்சிருக்கேன் மேடம். அது சின்ன ஓட்டைக்கு. உங்களோடது சின்னது இல்ல. ஒண்ணு கேக்கறேன், நீங்க பேஷண்டா வர்றீங்களா, ரெஃப்ரியா வர்றீங்களா?"

பேஷண்டாக என்றேன். ஜூலை முதல் தேதி கொடுத்திருக்கிறார்.

ஜூன் 26, வியாழன்

மருத்துவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் என் வீட்டிலேயே இருந்துகொண்டு பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் ஏற்பாடு செய்யலாம் என்று நினைத்து விசாரித்தேன். மதிலுக்கு மேலே மைனியின் தலை தெரிந்தது.

"நர்ஸு வைக்கப் போறியாமே. அப்ப நாங்க எதுக்கு இங்கன இருக்கோம், மதிலுக்குக் காவலா?"

"உங்களுக்குச் சிரமம் மைனி."

"சிரமந்தான். அதுக்கு?"

என்னைப் பிறர் கழுவித் துடைத்து, ஊட்டி, பிடித்து நடத்துவதை நான் விரும்பவில்லை. சொல்லாமலே அவருக்கு விளங்கியிருக்கும் போல. "ஒனக்குப் புடிக்காதுன்னு தெரியும். கண்ண மூடிட்டு இருந்துக்கோ" என்றார்.

அவர்கள் வீட்டில் இருக்கச் சம்மதித்தேன். அறைக்குள் ஜெபக் கூட்டம் வைக்கக் கூடாது என்று மட்டும் ஒரு நிபந்தனை. "சரி," என்றார் மைனி. மிக எளிதாக ஒப்புக்கொண்டார்.

ஜூன் 29, ஞாயிறு

அண்ணன் வீட்டு முன்னறையில் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, தையல் மேசை மேல் தலையணைகளை வைத்து, நெற்றியை வைத்துக்கொள்ள இடம் செய்திருக்கிறார்கள். மூச்சு விட நடுவில் இடைவெளி. அண்ணனே உட்கார்ந்து, கவிழ்ந்து, சோதித்துப் பார்த்தார். "கொஞ்சம் தாழ்வா இருக்கு" என்று மேசைக்கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தார்.

ஆராதனையில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்களாம். நான் கேட்கவில்லை, மைனியே சொன்னார்.

ஜூலை 1, செவ்வாய்

கிளம்புவதற்கு முன். இன்று ஆபரேஷன், நாளை காலை கட்டுப் பிரிப்பார்கள்.

பிரித்ததும் பளிச்சென்று தெரியும், தான் உபவாசம் இருந்திருப்பதாக மைனி சொல்கிறார். தன் மூக்கு தனக்குத் திரும்பக் கிடைக்கும் என்பது அண்ணன் கணக்கு. கண் நிறைய வாயு இருப்பதால் கையசைத்தால் நிழல் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் டாக்டர் பக்கம்.

நேற்று மாலை கேமராப் பெட்டியைத் திறக்கலாமா என்று நினைத்தேன். திறக்கவில்லை.

பயம் இருக்கிறதா என்று மைனி கேட்டார். இல்லை என்றேன். கைப்பையில் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு, வைத்தேனா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

கவிழ்ந்திருக்கும் ஒருவரால் வசதியாகச் செய்யக்கூடிய வேலை எழுதுவதுதான். நெற்றி தலையணையில், நோட்டு கீழே ஒரு ஸ்டூலில். இடது கண்ணால் எழுதுகிறேன்.

காலையில் கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் கையசைத்தார். நிழல் தெரிந்தது. எத்தனை விரல் என்றார். தெரியவில்லை என்றேன். கதவோரம் மைனி நின்றிருந்தார். குனிந்த தலையோடு இருந்த எனக்கு அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. முன்னால் வரப் போனவை அப்படியே நின்றுவிட்டன. "இது நாங்க எதிர்பாத்ததுதான்மா," என்று டாக்டர் அவரிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மேசையில் கவிழ்ந்தேன். பதினொரு மணி போலச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பார்க்க வந்தார்கள். உள்ளே நுழைந்தவர்கள், நான் நெற்றியைப் பதித்துக் குனிந்திருப்பதைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். "ஜெபத்துல இருக்கா" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. சேலைகள் சரசரக்க எல்லோரும் என்னைச் சுற்றி முழங்கால் போட்டார்கள். மைனி அவர்களைத் திருத்தவில்லை. எழுந்து போக எனக்கு அனுமதி இல்லை. ஜெபம் நீளமாக இருந்தது.

மதியம் மைனி கஞ்சியில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார். பாதி கன்னத்தில் வழிந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, முகத்துக்குக் கீழே கைவிட்டுத் துடைத்தார். கட்டைவிரல் வலது கண்ணுக்கு மிக அருகே வந்தது.

அந்த விரல் தெரிந்தது. மிகப் பெரிதாக, மிகத் தெளிவாக. நகக்கண்ணில் மஞ்சள், அரிவாள்மணை கீறிய பழைய தழும்பு, ரேகைகள். கை விலகியதும் எல்லாம் மறைந்து மறுபடி வெறும் வெளிச்சம்.

வாயு நிரம்பிய கண்ணுக்கு இரண்டு விரல் தொலைவில்தான் ஃபோகஸ் விழும். விழித்திரைக்கும் கண்ணின் லென்ஸுக்கும் இடையில் நீர் இல்லாமல் வாயு இருப்பதால் வரும் விளைவு. இதில் அற்புதம் எதுவும் இல்லை.

"மைனி, விரல அங்கேயே வைங்க."

"எங்கன?"

"கண்ணுகிட்ட. தொட்டுராம."

மைனி தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கையை நீட்டினார். இடது கண்ணை மூடிக்கொண்டேன். ரேகைகள் வளைந்து வளைந்து நடுவே ஒரு சுழியில் போய் முடிந்தன. அந்தச் சுழி இருந்தது. நடுவில் எதுவும் விடுபடவில்லை.

முதல் நாளில், ஒரே ஒரு பார்வையை வைத்து, எதையும் முடிவு செய்யக் கூடாது. இரண்டு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

"என்னட்டி தெரியுது?" என்றார் கீழேயிருந்து.

"உங்க கைரேகை."

மைனி விரலைத் திருப்பித் தானும் பார்த்தார். விரல் கலைந்து போய்விட்டது.

"இன்னொரு தடவை வைங்க," என்றேன்.